இரும்புக்கையும் இருபது முகப் பகடையும்

ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், எண்ணூர்க் கழிமுகத்துப் பக்கமிருந்து வரும் காற்று உப்பும் கரியும் கலந்த வாசனையோடு வீட்டுக்குள் நுழைந்து, உண்ட களைப்பில் சாய்ந்திருப்பவனை உறக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவே நிறுத்திவைக்கும் அந்த வேளையில், எங்கள் காத்திவாக்கம் வீட்டு மாடியில் ஐந்தாறு இளம்பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருப்பதும், "கதவுக்குப் பின்னால் யாரோ மூச்சு விடுற சத்தம் கேட்குது, என்ன செய்யப் போறீங்க?" என்று அவர்களில் ஒருவன் தணிந்த குரலில் கேட்பதும், சிறிது நேர மௌனத்துக்குப் பின் பகடை உருளும் ஓசை எழுவதும், அந்த ஓசை அடங்குமுன் வீடே அதிரும்படி ஒரு கூச்சல் வெடிப்பதும் சில மாதங்களாக வழக்கமாகிவிட்டன. கூட்டத்தின் தலைவன் என் தம்பி மகன். மற்றவர்களில் ஒருவன் லாரித் தொழிற்சாலையில் அப்ரண்டிஸ், ஒருவன் துறைமுகத்தில் ஒப்பந்தக் கணக்கு எழுதுபவன், இரண்டு பெண்கள் கல்லூரி மாணவிகள்.

அந்தக் கூச்சலைக் கேட்டு முதலில் கலங்கியவர் எதிர்வீட்டு நண்பர். ஆலை ஒன்றில் முப்பத்தைந்து வருஷம் ஷிப்டு பார்த்து ஓய்வு பெற்றவர்; எதையும் நேருக்கு நேர் கேட்டுவிடும் சுபாவமுடையவர். ஒரு நாள் படியேறி வந்து, என் காதருகே குனிந்து, "காசு வெச்சு ஆடுறாங்களா?" என்றார். அவருடைய அச்சத்தை நான் குறை சொல்ல மாட்டேன். பகடை என்ற சொல் காதில் விழுந்தவுடனே சகுனியின் முகம் மனத்தில் தோன்றுவது நமக்குத் தலைமுறை தலைமுறையாக வந்த சம்ஸ்காரம். அது போதாதென்று, கைபேசியில் ரம்மி ஆடிக் குடும்பத்தையும் உயிரையும் தொலைத்தவர்களின் செய்திகளைப் படித்துப் படித்து, அதைத் தடுக்கத் தனிச் சட்டம் ஒன்றை 2023-இல் நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டிய நிர்ப்பந்தத்துக்கு ஆளான மாநிலம் நம்முடையது. காசு இல்லை என்றேன். "பரிசு?" என்றார். பரிசும் இல்லை என்றேன். "ஜெயிக்கிறவன் யாரு?" என்றார். யாரும் ஜெயிப்பதில்லை, தோற்பதும் இல்லை என்றேன். நண்பர் சற்று நேரம் யோசித்துவிட்டு, "அப்புறம் எதுக்குப்பா ஆடுறாங்க?" என்று கேட்டார்.

முதற் கேள்விக்கு விடை சொல்வது சுலபமாக இருந்தது. இந்தக் கடைசிக் கேள்விக்கு அன்று எனக்கு விடை வரவில்லை. சில வாரங்களாக மனத்தில் கிடந்து உறுத்திக்கொண்டிருந்த அதைத்தான் இங்கே எழுதப் புகுகிறேன்.

மாடியில் நடப்பது இன்னதென்று முதலில் சொல்லிவிடுவது முறை. 1974-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்திலுள்ள லேக் ஜெனிவா என்ற சிற்றூரிலிருந்து கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் இயற்றிய விளையாட்டு ஒன்று, 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற பெயருடன், மூன்று சிறிய புத்தகங்களாக ஒரு பெட்டிக்குள் அடைபட்டு வெளிவந்தது. ஆடுகிற ஒவ்வொருவரும் ஒரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ திருடனாகவோ தம்மைப் பாவித்துக்கொண்டு, வலிமை, லாகவம், தேக உறுதி, அறிவு, விவேகம், வசீகரம் என்ற ஆறு குணங்களுக்கும் எண்களை ஒரு தாளில் குறித்துக்கொள்ள, ஒருவர் மட்டும் கதை சொல்பவராக அமர்ந்து, குகையையும் கோட்டையையும் காட்டையும் வாய்மொழியாலேயே எழுப்பி, அதற்குள் அவர்களை நடத்திச் செல்கிறார். என்ன செய்வதென்று தீர்மானிப்பவர்கள் ஆடுபவர்கள். செய்தது பலித்ததா என்று தீர்மானிப்பது பகடை. நான்கு முகம் முதல் இருபது முகம் வரை பல விதப் பகடைகள் உண்டென்றாலும், விதி குடியிருப்பது இருபது முகப் பகடையில்தான். மதிலைத் தாண்டப் பதினைந்து வேண்டுமென்றால், விழுந்த எண்ணோடு தன் லாகவத்துக்கு உரிய மிகுதியைக் கூட்டிப் பதினைந்தை எட்டியவன் தாண்டுகிறான், எட்டாதவன் விழுகிறான். இருபது விழுந்தால் எழுகிற கூச்சலே எதிர்வீட்டு நண்பரைக் கலங்கவைத்தது. ஒன்று விழுந்தால் எழுகிற சிரிப்பு அதைவிடப் பெரியது.

பிள்ளைகள் இதைப் புதுமையென்று எனக்கு விவரித்தபோது, நான் தலையசைத்துக்கொண்டே பொன்னேரிப் பக்கத்துப் பாட்டி ஊருக்குப் போய்விட்டேன். அங்கே திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் இரவெல்லாம் நடக்கும் பாரதக் கூத்தில், திரைக்கு முன் நின்று, வருகிற வேஷத்தை யார், எந்த நாடு, என்ன காரியமாக வந்தாய் என்று விசாரிக்கிற கட்டியக்காரன், அடுத்த நொடியில் தானே வாயிற்காவலனாகி, அதற்கடுத்த நொடியில் தூதனாகி, ராஜா நீளமாகப் பாடுகிறபோது இடைமறித்து ஊர்த் தலைவரைக் கேலி செய்து, கதை தளர்ந்தால் அதைப் பிடித்து நிமிர்த்தி நடத்துவான். மாடியில் உட்கார்ந்திருக்கிற கதைசொல்லி செய்வது வேறென்ன? பகலெல்லாம் ஏர் பிடித்தவரும் சுமை தூக்கியவரும் அரிதாரம் பூசிக் கிரீடத்தைச் சூட்டிக்கொண்டதும் துரியோதனனாக மாறி, படுகளத்து மண்ணில் வீழ்கிறபோது, எதிரே உட்கார்ந்திருந்த பெண்கள் மெய்யாகவே அழுததை நான் கண்டிருக்கிறேன். பகடையும் நமக்கு அந்நியமன்று. வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிக்கப் பரமபத சோபான படத்தை விரித்து, தாயக்கட்டையை உருட்டி, தாயம் விழுந்தாலொழியக் காய் இறங்காதென்று தவித்து, ஏணியில் ஏறிப் பாம்பில் இறங்கியவர்கள்தாமே நம் பாட்டிமார்? அவர்களை யாரும் எதற்கு ஆடுகிறாய் என்று கேட்கவில்லை. ஏகாதசி என்ற சமாதானம் ஒன்று கைவசம் இருந்தது.

என் தலைமுறைக்கு வாய்த்தது காமிக்ஸ். 1972-இல் சிவகாசியிலிருந்து சௌந்தரபாண்டியன் என்பார் முத்து காமிக்ஸைத் தொடங்கினார்; முல்லை தங்கராசன் ஆசிரியராயிருந்த அதன் முதல் இதழாக வந்ததே 'இரும்புக்கை மாயாவி'. மூலக்கதை இங்கிலாந்தில் 1962-இல் தொடங்கிய 'வேலியண்ட்' என்ற வார இதழுக்காக எழுதப்பட்டது. சித்திரம் வரைந்தவர் ஹேசுஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பானியர். இவையெல்லாம் பிற்காலத்தில் நான் தேடித் தெரிந்துகொண்டவை. பன்னிரண்டு வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம், ஆய்வுக்கூட விபத்தில் வலக்கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்ட லூயிஸ் கிராண்டேல் என்பவன், மின்சாரம் உடலில் பாய்ந்தவுடன் அந்த இரும்புக்கை மட்டும் வெளியே தெரிய மற்றபடி மாயமாய் மறைந்துவிடுவான் என்ற ஒரே ஓர் அற்புதமான விஷயந்தான். அனல்மின் நிலையத்தின் நிழலில் வளர்ந்த பையன்களுக்கு அது எத்தகைய செய்தியாயிருந்திருக்கும் என்பதை வாசகர்கள் ஊகித்துப் பார்க்கலாம். 2017-இல் மூடப்பட்ட எண்ணூர் அனல்மின் நிலையம் அப்போது புதியது. அதன் புகைபோக்கியைப் பார்த்தபடி பள்ளிக்கூடம் போய், அதையே பார்த்தபடி திரும்பி வருவோம். மாயாவி மட்டும் நம் ஊரில் பிறந்திருந்தால் ஆயுள் முழுவதும் ஒருவர் கண்ணிலும் படாமலேயே இருந்துவிடலாம் என்று எங்களுக்குள் ஒரு தீர்மானம் இருந்தது. அந்தத் தீர்மானத்தைச் சோதித்துப் பார்க்க நான் பிளக் பாயிண்டை நோக்கி விரலை நீட்டியதும், என் தாயார் அடுக்களையிலிருந்து கரண்டியோடு பாய்ந்து வந்ததும் குடும்ப வரலாற்றில் இடம்பெற்ற சம்பவங்கள்.

ஆனால் இரும்புக்கை எங்களைப் பற்றிக்கொண்டதற்கு மின்சாரம் மட்டும் காரணமன்று. எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருந்தார். பிரஸ்ஸில் வேலை பார்த்தவர். இரவு ஷிப்டு ஒன்றில், தகட்டைத் தள்ளிய கை திரும்புமுன் எந்திரம் இறங்கிவிட, வலக்கையில் மூன்று விரல்கள் போய்விட்டன. அவர் டீக் கடையில் கிளாஸை எப்போதும் இடக்கையால் வாங்குவார். வலக்கையை வேட்டி மடிப்புக்குள் வைத்திருப்பார். நாங்கள் பார்க்காததுபோலப் பார்ப்போம். திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரை, டயரும் தீக்குச்சியும் மோட்டார் சைக்கிளும் லாரியும் உரமும் செய்கிற இந்த நெடுஞ்சாலையோரத்தில், அத்தகைய கை ஒன்றைக் காணாமல் வளர்ந்த பையன் இருக்க மாட்டான். அந்தக் கையை வெட்கத்துக்கும் இரக்கத்துக்கும் உரியதாக மட்டுமே அறிந்திருந்த எங்களுக்கு, இழந்த கையே பலமாக மாறி, துப்பாக்கிக் குண்டைப் பற்றி நசுக்கி, பூட்டிய கதவைப் பிளந்து, அநியாயக்காரனின் கழுத்தை இருட்டில் தேடிச் செல்லும் கதை ஒன்று கையில் கிடைத்தபோது, அது லண்டனில் நடந்த கதையாகவே தோன்றவில்லை. ஒருநாள் எங்களில் துணிச்சல்காரன் ஒருவன் அந்தப் பெரியவரிடமே புத்தகத்தைக் கொண்டுபோய் நீட்டினான். அவர் டீக் கடை பெஞ்சில் உட்கார்ந்து, பக்கங்களை இடக்கையால் புரட்டி, முழுவதையும் படித்துவிட்டு, "அடுத்தது எப்போ வருது?" என்று கேட்டார். வேறொன்றும் சொல்லவில்லை. பிறகு எங்கள் கூட்டத்துக்கு மூத்த வாசகர் அவரே ஆனார். நாங்கள் ரயிலேறி மூர் மார்க்கெட்டுக்குப் போய்ப் பழைய இதழ்களைப் பேரம் பேசி வாங்கி வருகிற நாட்களில், வாசலில் நாற்காலி போட்டுக் காத்திருப்பார். 1985-இல் மூர் மார்க்கெட் எரிந்துபோனபோது அவர் உயிரோடு இல்லை.

மாய உலகக் கதைகள் எல்லாம் மேல்நாட்டிலிருந்து கப்பலேறி வந்தவை, நம் மண்ணுக்குச் சம்பந்தமற்றவை என்று ஆட்சேபிப்பவர்கள் வடசென்னையைச் சரியாகச் சுற்றிப் பார்க்காதவர்கள் என்றே சொல்வேன். கொண்டித்தோப்பில் இரத்தின நாயகர் அண்ட் சன்ஸ் என்ற பதிப்பகத்தார் பெரிய எழுத்தில் அச்சிட்டுத் தமிழ்நாட்டுத் திருவிழாக் கடைகளுக்கெல்லாம் அனுப்பிய விக்கிரமாதித்தன் கதையும் அல்லி அரசாணி மாலையும் மதனகாமராஜன் கதையும் என்ன, பொருளாதார நூல்களா? காடாறு மாதம் நாடாறு மாதம் என்று திரிந்து, கூடுவிட்டுக் கூடு பாய்ந்து, முருங்கை மரத்து வேதாளத்தோடு வாதாடிய அந்த ராஜாவின் கதையை, எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து வாசிக்க, படிக்கத் தெரியாத இருபது பேர் சுற்றி அமர்ந்து கேட்டார்கள். 1947-இல் சென்னையிலிருந்து நாகிரெட்டியும் சக்ரபாணியும் தொடங்கிய அம்புலிமாமா அதே வேதாளத்தைச் சங்கரின் தூரிகையால் விக்கிரமனின் தோளில் ஏற்றி வீடுதோறும் அனுப்பியது. வாண்டுமாமா தம் ஆயுளையே இதற்குக் கொடுத்தார். இன்று ஹாரி பாட்டரும் தமிழில் கிடைக்கிறான். அவனுடைய பள்ளிக்கூடத்துப் பேய்கள் நம் வேதாளத்துக்குத் தூரத்து உறவு என்று நினைத்துக்கொண்டால் யாருக்கும் நஷ்டமில்லை.

நம் பகுதியின் தெய்வக் கதைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். சங்கிலியாரை மணந்த சுந்தரர், திருவொற்றியூரை விட்டுப் பிரியேன் என்று சத்தியம் செய்ய வேண்டி வந்தபோது, சத்தியத்திலிருந்து தப்ப ஒரு யுக்தி செய்தார். தாம் சன்னதியில் சத்தியம் செய்யும் வேளையில் இறைவன் அங்கிருந்து எழுந்து மகிழ மரத்தடிக்குப் போய்விட வேண்டுமென்று வேண்டிக்கொண்டார். இறைவனோ சம்மதித்துவிட்டு, மகிழ மரத்தடியிலேயே சத்தியம் வாங்கு என்று சங்கிலியாரிடம் சொல்லிவிட்டார். மாசிப் பெருவிழாவில் மகிழடி சேவையாக இன்றும் அதை நடித்துக் காட்டுகிறார்கள். அதே ஊர்க் கடற்கரையில் அடக்கமாயிருக்கும் பட்டினத்தார், உலகத்தை வெறுத்துப் பாடியவர் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் அந்தத் துறவி, கடைசியாகச் செய்தது என்ன? கடற்கரைச் சிறுவர்களோடு மண்ணில் மறைந்து வேறோரிடத்தில் எழுந்து விளையாடிக்கொண்டிருந்து, அந்த விளையாட்டின் நடுவிலேயே சிறுவர்களைத் தம்மை மூடச் சொல்லி லிங்கமானார் என்பது தல வரலாறு. எல்லாவற்றையும் துறந்தவர் விளையாட்டை மட்டும் கடைசி வரை துறக்கவில்லை.

அயல்நாட்டு விளையாட்டில் எனக்கு உறுத்தலே இல்லை என்று சொன்னால் அது பொய்யாகும். 1977-இல் வெளியான அவர்களுடைய அரக்கர் புத்தகத்தில் ராக்ஷஸன் என்ற நம் பெயருக்குப் புலித் தலையை ஒட்டவைத்திருக்கிறார்கள். 1980-இல் வந்த தேவதைகள் புத்தகத்தில் இந்திரனையும் அக்கினியையும் பட்டியலிட்டு, யார் எத்தனை அடி தாங்குவார் என்று எண் போட்டிருக்கிறார்கள். இந்திரனுக்கு எண் போடுகிற தைரியம் நம் புராணிகர்களுக்கே இருந்ததில்லை. அந்தப் பக்கத்தைத் தம்பி மகன் தன் கைபேசியில் காட்டியபோது எனக்குக் கோபமும் சிரிப்பும் ஒருங்கே வந்தன. ஆனால் அவர்கள் ஊரிலேயே இந்த விளையாட்டு பட்ட பாட்டை அறிந்தபோது கோபம் தணிந்தது; 1980-களில் அமெரிக்கப் பெற்றோர் பலர் இது சாத்தானை வழிபடும் மார்க்கமென்று பீதியடைந்து, புத்தகங்களைக் குப்பையில் போட்டு, பிள்ளைகளைப் பாதிரிமாரிடம் அழைத்துப் போனார்கள். எதிர்வீட்டு நண்பர் காசைப் பற்றி மட்டுமே கேட்டார். ஒப்பிட்டுப் பார்த்தால் நாம் விவேகிகள்.

இனி, இவையெல்லாம் நிஜத்திலிருந்து தப்பி ஓடுகிற வழிகள் என்ற குற்றச்சாட்டு. வீட்டைச் சுற்றி இத்தனை துன்பம் இருக்க, பிள்ளைகள் பூதத்தோடு போர் புரிந்துகொண்டிருப்பதா என்று கேட்கிறார்கள். கேட்பவர்களில் பலர் மாலை நேரத்தைத் தொலைக்காட்சித் தொடர்களில் கழிப்பவர்கள் என்பதை நான் இங்கே பெரிதுபடுத்தப் போவதில்லை. நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்து வலைகளும் படகுகளும் கறுத்துப்போன அந்த மாதத்திலேயே, 26-ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, பெரியகுப்பத்தில் கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, ஜனங்கள் மூச்சு முட்டி எழுந்து, குழந்தைகளைத் தோளில் போட்டுக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். மாடிக் கூட்டத்துப் பெண்களில் ஒருத்தி அந்தக் குப்பத்தைச் சேர்ந்தவள். அந்த இரவைப் பற்றி அவள் பேசி நான் கேட்டதில்லை. சில வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிறன்று, என் தம்பி மகன் சொன்ன கதையில், கழிமுகத்து ஓரமாக ஒரு சிற்றூர் வந்தது. உருவமில்லாத ஒரு பூதம் நடுநிசியில் கடலிலிருந்து ஏறி, வீடு வீடாக நுழைந்து உறங்குகிறவர்களின் மூச்சைக் குடித்துக்கொண்டிருந்தது. வீரனாக ஆடியவன் வாளை உருவினான்; உருவமில்லாததை எங்கே வெட்டுவது? மந்திரவாதி உருட்டியதில் மூன்று விழுந்தது. அந்தப் பெண் பகடையைத் தொடவே இல்லை. "முதல்ல மூலை வீட்டுப் பாட்டியை எழுப்பணும், அதுக்குக் காது கேட்காது" என்று தொடங்கி, எந்தச் சந்து வழியாகப் போனால் காற்றுக்கு எதிராகப் போகலாம், எந்த வீட்டில் கைக்குழந்தை, ஈரத் துணியை எப்படி மூக்கில் கட்டுவது, யார் நாயை விட்டு வர மாட்டார் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனாள். மற்றவர்கள் தம் தாள்களைக் கீழே வைத்துவிட்டார்கள். கதைசொல்லி அன்று எண் ஒன்றும் கேட்கவில்லை. ஊர் முழுவதும் வெளியேறிவிட்டதென்று தீர்ப்புச் சொல்லி ஆட்டத்தை நிறுத்தினான்.

இதைத் தப்பி ஓடுதல் என்று சொல்வதானால், ஓடிப் போய்ச் சேர்ந்த இடம் அவள் வீட்டு வாசல்.

ஆயினும் இந்தச் சம்பவத்தைச் சான்றாகக் காட்டி, பாருங்கள், இந்த விளையாட்டு மனத் துயரை ஆற்றுகிறது, ஆகையால் நல்லது என்று வாதிட எனக்கு மனமில்லை. இப்போதெல்லாம் இந்த வகைப் பொழுதுபோக்குகளுக்குப் பரிந்து பேசுகிறவர்கள் அத்தனை பேரும் ஏதாவதொரு பிரயோஜனத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். காமிக்ஸ் படித்தால் பாஷை வளரும், மாயக்கதை படித்தால் கற்பனா சக்தி பெருகும், பகடை உருட்டினால் கணக்கு வரும், கூட்டமாக ஆடினால் நேர்முகத் தேர்வில் தயக்கமின்றிப் பேசலாம்! எல்லாம் ஓரளவு மெய்யாகவே இருக்கலாம். ஆனால் அந்தப் பெண் மற்ற ஞாயிறுகளில் திருடி வேஷம் கட்டி, ராஜாவின் பொக்கிஷத்தைக் கொள்ளையடித்து, தன் கூட்டாளிகளையே ஏமாற்றி, வயிறு வலிக்கச் சிரிக்கிறாள். அதற்கு என்ன பிரயோஜனம்? ஒன்றுமில்லை. அதுவும் பூதம் வந்த அந்த ஞாயிற்றின் ஆட்டத்தைப் போன்றே செம்மையான ஆட்டம் என்பது என் அபிப்பிராயம்.

வடசென்னையில் பலகை விளையாட்டுக்கு மதிப்பு உண்டு. எந்தத் தெருவிலும் ஒரு கேரம் பலகையும் அதன் தலைக்கு மேல் தொங்கும் விளக்கும் காணலாம். ஆட்டோ ஓட்டுநரின் மகளான காசிமா 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பைப் போட்டியில் மூன்று தங்கப் பதக்கங்களோடு திரும்பி வந்த நாளில் நாங்கள் எல்லோரும் நிமிர்ந்து நடந்தோம். நிமிர வேண்டியதுதான். எனினும் பதக்கம் வந்த பிறகே கேரத்துக்கு மரியாதை வந்தது என்பதையும், அதுவரை அதுவும் வேலையற்றவர்களின் பொழுதுபோக்கென்றே ஏசப்பட்டது என்பதையும் மறந்துவிடலாகாது. பதக்கமே இல்லாத, ஜெயமே இல்லாத விளையாட்டு என்ன செய்யும்? அது மரியாதைக்காக எங்கே போய் நிற்கும்?

இங்கேதான் எதிர்வீட்டு நண்பருக்குச் சொல்ல வேண்டிய விடை எனக்கு அகப்பட்டது. அவர் தொழிற்சங்கத்தில் ஊறியவர். மே தினத்தன்று சட்டையில் சிவப்பு நாடா குத்திக்கொள்ளாமல் வெளியே போகாதவர். 1918-இல் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களுக்காக வாடியாவும் திரு.வி.க.வும் முன்னின்று சென்னைத் தொழிலாளர் சங்கத்தை அமைத்ததையும், 1923 மே முதல் நாள் சிங்காரவேலர் நம் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடியதையும் அவரிடம் கேட்டுத்தான் நான் தெரிந்துகொண்டேன். எட்டு மணி நேரம் உழைப்பு, எட்டு மணி நேரம் உறக்கம். மீதி எட்டு மணி நேரம் எதற்கென்று, அதைக் கேட்டுப் போராடிய தொழிலாளர்கள் ஒரு பட்டியல் எழுதி வைத்தார்களா? அது உழைப்பவனுக்குச் சொந்தம் என்றார்கள்; அவ்வளவே. அந்த நேரத்தில் அவன் வேதாந்தம் கேட்கலாம், கேரம் ஆடலாம், கூத்துப் பார்க்கலாம், சுவரைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கலாம், மாடியில் ஏறி மந்திரவாதியாகலாம். பணக்கார வீட்டுப் பிள்ளை நேரத்தைச் செலவிட்டால் அதை ரசனை என்கிறோம். தொழிலாளி வீட்டுப் பிள்ளை அதையே செய்தால் வீணடித்தல் என்கிறோம். இந்தப் பேதத்தை நண்பரிடம் சொன்னபோது அவர் மறுக்கவில்லை. "இந்த ஞாயித்துக்கிழமைக்காகத்தானேப்பா கேட்டுக்கு வெளிய உக்காந்தோம்" என்றார்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். இந்த விளையாட்டின் புத்தகங்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. விலையோ நம் பிள்ளைகளின் ஒரு மாதக் கைச்செலவை விழுங்கிவிடும். மாடிக் கூட்டம் ஒரே ஒரு பிரதியை வைத்துக்கொண்டு, குணங்களை நோட்டுப் புத்தகத்தில் கோடு கிழித்து எழுதிக்கொள்கிறது. பழைய முத்து, லயன், ராணி காமிக்ஸ் இதழ்களை உறையிலிட்டுப் பீரோவில் பூட்டி, படிக்காமலே ஆயிரக்கணக்கில் விலை சொல்கிற சேகரிப்பாளர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வருகிறது. டீக் கடை பெஞ்சில் எண்ணெய்க் கறையோடு கைமாறிய புத்தகங்கள் அவை. பழைய கதைகள் பலவற்றில் பெண்ணுக்குக் கூச்சலிடுவதும் மயங்கி விழுவதும் தவிர வேறு வேலை இல்லை. கறுத்த நிறத்தவரை அவை வரைந்த விதத்தைப் பேரனுக்குக் காட்ட இன்று கூசுகிறது. நல்ல வேளையாக, இன்று சிவகாசியிலிருந்து வருகிற இதழ்களின் அச்சும் தேர்வும் வேறு தரத்தவை. 2024 பிப்ரவரியில் நந்தம்பாக்கத்தில் முதல் முறையாகச் சென்னைக் காமிக் கான் நடந்தபோது, எங்கள் கூட்டத்தினர் விம்கோ நகரில் மெட்ரோ ஏறி ஊரின் மறுகோடிக்குப் போய் வந்தார்கள். அப்ரண்டிஸ் பையன் அட்டையில் செய்து வெள்ளிச் சாயம் பூசிய இரும்புக்கையை மாட்டிக்கொண்டு போனான். அது என்ன வேஷமென்று இளைஞர் ஒருவருக்கும் தெரியவில்லையாம். தலை நரைத்தவர்கள் மட்டும் நின்று, ஒரு வார்த்தையும் பேசாமல் அந்த அட்டைக் கையைக் குலுக்கிவிட்டுப் போனார்களாம்.

நந்தம்பாக்கம் வருஷத்துக்கு ஒருமுறை போகிற இடம். ஞாயிற்றுக்கிழமைக்கு நம் பகுதியிலேயே ஓர் இடம் வேண்டும். எல்லோர் வீட்டிலும் மாடி இல்லை, எல்லாப் பெரியப்பாக்களும் கூச்சலைச் சகித்துக்கொள்பவர்கள் அல்லர். 1948-இல் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்ட பொது நூலகச் சட்டத்தின் பயனாக, சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியையும் நாம் தவறாமல் செலுத்திவருகிறோம். வடசென்னை வளர்ச்சித் திட்டம் வந்த பிறகு, போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்காக நல்ல மேசைகளும் நாற்காலிகளும் ஆங்காங்கே வந்துகொண்டிருக்கின்றன. அதை நான் மனமாரப் பாராட்டுகிறேன். தேர்வெழுதாத பிள்ளைக்கும், தேர்வெழுதிக் களைத்த பிள்ளைக்கும் ஒரு மேசை வேண்டும் என்பதே என் விண்ணப்பம். திருவொற்றியூர் முதல் எண்ணூர் வரையுள்ள கிளை நூலகங்களில், காமிக்ஸுக்கும் மாயக்கதைகளுக்கும் ஓர் அலமாரியை ஒதுக்கி, ஞாயிறு பிற்பகல் மூன்று மணி முதல் ஆறு மணி வரை ஒரு மேசையைச் சத்தம் போட அனுமதிக்கப்பட்ட மேசையாக அறிவிக்க நூலகத் துறையினர் முன்வர வேண்டும். பகடைகளைப் பிள்ளைகளே கொண்டுவருவார்கள். அலமாரியில் வைக்க என்னிடம் நாற்பத்திரண்டு பழைய முத்து காமிக்ஸ் இதழ்கள் இருக்கின்றன. கேட்ட அன்றே கொண்டுவந்து கொடுத்துவிடுகிறேன்.